வரவேற்பறைக்கு ஒரு மலை

“அழுதுக்கிட்டு நிக்கிற பொம்பளை எதுக்கும்மா? முதல்ல அவளை எடுங்க!”

நில அளவை அலுவலகத்தின் பெரிய அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார். அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம். வரவேற்பறைச் சுவர் மொட்டையாக இருக்கிறதே என்று, மலைக்குடி ஓவியக்காரியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். மேசை நிறைய அவள் விரித்து வைத்த மாதிரிப் படத்தில் குறை கண்டுபிடிப்பது, காலையிலிருந்து அவருக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

“அவங்க எங்க சின்னம்மா சார். கல்குவாரி வந்து அவங்க வீடு போச்சு.”

“பாவம்தான். ஆனா திறப்பு விழாவுக்கு அமைச்சர் வர்றார். நுழைஞ்சதும் நுழையாததுமா அழுகையா? அப்புறம் இந்த லாரி, கல் உடைக்கிற மெஷின், எல்லாத்தையும் எடுங்க. கண்ணை உறுத்துது.”

“எங்களுக்கும் அதேதான் சார் உறுத்துது.”

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் மலை வழக்கு. தோற்றால் மிச்ச மலையும் குவாரிக்குப் போய்விடும்.  அவள் பச்சைச் சாயத்தைக் குழைத்து லாரிகளின் மேல் பூசினாள். மெஷின் இருந்த இடத்தில் மலை பழையபடி எழுந்து நின்றது. சின்னம்மா நின்ற இடத்தில், சின்னம்மாவின் பழைய வீட்டை வரைந்தாள்.

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். “இப்ப பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு! இந்த நீலப் புள்ளிங்க ஜோர். இந்த மூலை காலியா இருக்கே, இன்னும் நாலு வையுங்களேன்.”

“மாட்டேன் சார். பதினேழுதான்.”

“ஏன், சாயம் தீர்ந்துடுச்சா?”

“கூட்டினா பொய்யாயிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் அர்த்தம் இருக்கு. சொல்லட்டுமா சார்?”

“ஐயோ, ஆளை விடும்மா! அர்த்தத்தை எவன் பார்க்கறான்? கலரைத்தான் பார்ப்பான். எத்தனை நாள் ஆச்சு வரைய?”

“மூணு மாசம். குவாரியில வேலைக்குப் போனவங்க, போகாதவங்கன்னு ரெண்டுபட்டுக் கிடந்த ஊரு சார். மாமனும் மச்சானும் முகம் பார்க்க மாட்டாங்க. மலையைச் சுத்தி வர்ற இந்தக் கோடு எங்க வளையணும்னு சண்டை போடறதுக்காகவே ஒண்ணா வந்து உட்கார்ந்தாங்க. இப்ப என்னடான்னா, சம்பந்தம் பேசறாங்க!”

“ஒரு கோட்டுக்கா இந்த அமர்க்களம்? நல்ல ஊரும்மா!” அதிகாரி தொப்பை குலுங்கச் சிரித்தார்.

“ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார். நாளைக்கு வேற யாராவது வந்து அதை எடு, இதை எடுன்னா நான் எங்க போவேன்?”

“அதுவும் சரிதான்.” படத்தின் அடியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“தேதியும் சீலும் சார்…”

“அடேயப்பா! எங்க கிளார்க்கை விட விவரமா இருக்கீங்களே!” அலுவலக முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

“நாளைக்கே சுவர்ல ஆரம்பிச்சுடறேன் சார்.” படத்தைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படிகளில் இரண்டிரண்டாக இறங்கினாள்.

வாசலில் அவளுடைய அண்ணி நகம் கடித்தபடி காத்திருந்தாள். மலை வழக்கில் ஊருக்காக வாதாடும் வக்கீல் அவள்தான். தெருவென்றும் பாராமல் படத்தை வாங்கிப் பிரித்து, முத்திரையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“அந்த மலைக்கு வரைபடமே கிடையாது, அங்க எவனும் குடியிருந்ததே இல்லைன்னு பதினோரு வருஷமா கோர்ட்டுல சாதிச்ச மனுஷன் இவர்தானே?”

“இவரேதான் அண்ணி! நம்ம ஊற்று பதினேழும், வீடுகளும், எல்லைக் கோடும் சரியா இருக்குன்னு இப்பத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.”