தலைவர் வந்த வீடு

கிழக்கு பெர்லினில், ஐந்தாம் மாடி வீட்டுச் சுவரில் கட்சித் தலைவரின் போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தாள் கெர்லிண்டே.

"ஏம்மா, கட்சிக் கூட்டம்னாலே தலைவலின்னு படுத்துக்குவ. இப்ப என்ன திடீர் பக்தி?" என்றான் எதிர்வீட்டு லோத்தார்.

"சிரிக்காத. நேரா இருக்கான்னு பாரு."

மழை பெய்த மறுநாள், வீட்டுவசதி அலுவலகத்துக்குக் கடிதம் போட்டாள்: ‘எங்கள் வீட்டில் தலைவர் ஓயாமல் அழுகிறார்.’

மூன்று வருட மனுக்களுக்கு அசையாத அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்தார். ஒழுகும் கூரைத் தண்ணீர் தலைவரின் கண்வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

"முதல்ல இதக் கிழிங்க!"

"தலைவரையா? நீங்களே கிழிங்க தோழர்."

அதிகாரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்று சாயங்காலமே கூரை சரியானது.

மறுநாள் லோத்தார் கதவைத் தட்டினான்.

"கெர்லிண்டே, தலைவரை ரெண்டு நாளைக்கு இரவல் குடு. எங்க வீட்டுக் கக்கூஸ் போன வருஷத்துலேர்ந்து அடைச்சுக் கிடக்கு."