பியட்டின் பிரேக்

லோகப்பிரியாவின் பழைய பியட் கார் எப்.சி. தகுதிச் சோதனையில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. சிங்காநல்லூர் மெக்கானிக் மதன்குமார் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குள்ளே ஆள் வைத்திருக்கிறான் என்றே அவள் சந்தேகப்பட்டாள். அடுத்த மாதம் முதல் மகள் ஓட்டப்போகிற வண்டி அது.

“நான் ஆரையும் புடிக்கலீங்கக்கா. கொண்டுபோய் நிறுத்துனா அதுவே பாஸாயிருதுங்க,” என்றான் அவன்.

சோதனை நிஜமாகவே நடக்கிறதா என்று பார்க்க, இந்த முறை அவனுக்குத் தெரியாமல் பிரேக் ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை நம்பி அவளே மெல்ல ஓட்டிப்போனாள். மிதித்தபோதெல்லாம் பெடல் தரைவரை இறங்கியது.

ஆய்வாளர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார். “பிரேக் புதுசாட்டப் புடிக்குதுங்க,” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவள் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தாள். இரும்பு தட்டுப்படவில்லை. பெடலை ஏற்கெனவே மிதித்துக்கொண்டிருந்த வெதுவெதுப்பான ஒரு பாதத்தின்மேல் அவள் கால் படிந்தது.