மூடியில் ஒட்டிய பெயர்

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் காலையிலிருந்து தூறல். மிஸஸ் பிக்கர்ஸ்கில் வீட்டுச் சமையலறையில் கெட்டில் கொதித்து, சன்னல் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துக் கிடக்கிறது. புதிதாக எலக்ட்ரீஷியன் தேர்வில் தேறிய லியான், ஈர ஷூக்களை வாசலில் கழற்றிவிட்டு, சுவரிலிருக்கும் ஃபியூஸ் பெட்டியருகே நிற்கிறாள். தனியாகத் தொழில் செய்யப் பதிவு வேண்டும். அதைத் தரும் அமைப்புகள் இரண்டில் ஒன்று மலிவு, மற்றதன் பெயர் ஊருக்கே தெரியும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் நீயே செய்த வேலையைக் காட்டு என்கிறார்கள்.

"இந்தப் பெட்டிய நான்தான் மாட்டினேன், மிஸஸ் பிக்கர்ஸ்கில். என் பதிவுக்காக இதப் பாக்குறதுக்கு ஒரு ஆய்வாளரக் கூட்டிட்டு வரட்டுமா?"

"நீயா? உன் முதலாளி கிளைவ்தானே மாட்டினாரு, கண்ணு."

"அவரு அன்னைக்குப் பூரா வேன்ல உக்காந்து போன்ல பேசிட்டிருந்தாரு."

"அப்படியா? பெட்டியில அவரு பேருதானே இருக்கு."

மூடியில் கிளைவின் பெயரும் பதிவு எண்ணும் போட்ட ஸ்டிக்கர் பளபளக்கிறது. உள்ளே, ஒவ்வொரு சுவிட்சின் கீழும் 'அடுப்பு', 'மாடி விளக்கு' என்று லியானின் கோணல் கையெழுத்து இருக்கிறது. அதைக் காட்டத்தான் மூடியை நோக்கி அவள் கை போகிறது.

"ஐயோ, கைய எடு! பதிவில்லாத ஆளுங்கள அதத் தொடவே விடாதீங்கன்னு கிளைவ் சொல்லிட்டுப் போயிருக்காரு." பிஸ்கட் தட்டு மேசையில் நகர்ந்து வருகிறது. "டீ ஆறுது பாரு. குடிச்சிட்டுக் கெளம்பு, கண்ணு."