எழிலியின் இடது கால்

கடிதம் மூன்றாவது வரிசைவரை வந்துவிட்டது.

அவள் ஐந்தாவது வரிசையில் இருந்தாள்.

கையெழுத்துப் போட்டவர்கள் முகத்தில் நாட்டையே காப்பாற்றிவிட்ட களை.

‘கேப்டன் எழிலி’ படக்கதைக்கு வயது முப்பத்து நான்கு. ஈரோட்டில் அந்த விடுதி மாடியில் கூடியிருந்த நாற்பது பேரும் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து அதைப் படித்தவர்கள். தலை நரைத்தும் விடுவதாக இல்லை. ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். இட்லி சாப்பிடுவார்கள். பிறகு சண்டை போடுவார்கள்.

இந்த ஆண்டுச் சண்டை எழிலியின் காலைப் பற்றியது.

போன ஆண்டு வந்த இதழில், வியாழனின் நிலவு ஒன்றில் அவளுடைய விண்கலம் நொறுங்கியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று இதழ்கள் வந்தன. ஒன்றிலும் எழிலி சிரிக்கவில்லை. கூடவே இருக்கும் ரோபோவைக் கண்டபடி திட்டுகிறாள். ஒருமுறை தோற்றும் போகிறாள்.

ஒரே இருட்டு என்றார்கள். பிள்ளைகளுக்கு எப்படி வாங்கிக் கொடுப்பது என்றார்கள். வீட்டில் இல்லாத கஷ்டமா, இதிலும் எதற்கு என்றார்கள்.

கடிதம் ஆசிரியருக்கு. அடுத்த இதழில் ஏதாவது ஒரு கிரகத்து மருத்துவர் வந்து எழிலிக்குக் காலை முளைக்க வைக்க வேண்டும். இத்தனை கையெழுத்து விழுந்தால் ஆசிரியர் மறுக்கமாட்டார். முன்பு ஒருமுறை, இவர்கள் கேட்டார்கள் என்று செத்த வில்லனையே எழுப்பி உட்கார வைத்தவர் அவர்.

ஐந்தாவது வரிசையில் இருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புடவைக்குள் அவளுடைய இடது காலும் முழங்காலுக்குக் கீழே சொந்தக் கால் இல்லை. பதினோரு ஆண்டுகளாக. இங்கே யாருக்கும் தெரியாது. மூட்டுவலி என்று சொல்லி வைத்திருந்தாள். பரிதாபப்படுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

அவளுக்கு எந்தக் கிரகத்து மருத்துவரும் வரவில்லை.

எழிலிதான் வந்தாள். பத்து ஆண்டு தாமதமாக, தபாலில்.

கால் போனவள் எழுந்து நடக்கிறாள். இதில் இருட்டு எங்கே வந்தது?

அவள் எழுந்து முன்னால் போனாள்.

இந்த வாசகர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிர்த்துப் பேசுகிறவர் சும்மா பேசிவிட்டுப் போக முடியாது. தன் பக்க நியாயத்துக்கு ஏதாவது ஓர் இதழிலிருந்து ஒரு பக்கத்தை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அதில் துப்பாக்கி வெடித்தால் அதையும் வாயால் வெடிக்க வேண்டும்.

அவள் புது இதழில் பதினான்காம் பக்கத்தைப் பிரித்தாள். அமைப்பாளர் துரைக்கண்ணு எட்டிப் பார்த்தார்.

“அம்மிணி, அதுல வசனமே இல்லீங்களே. என்னத்தைப் படிப்பீங்க?”

உண்மைதான். ஆறு கட்டங்கள். காலையில் எழிலி செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு கதவுவரை நடக்கிறாள். அவ்வளவுதான். ஒரு பக்கத்தையே வீணாக்கிவிட்டார்கள் என்று எல்லாரும் திட்டித் தீர்த்த பக்கம்.

அவள் வாசித்தாள்.

முதல் கட்டம். எழிலி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

இரண்டாவது. குனிந்து, சுவரோரம் சாய்த்து வைத்த காலை எடுக்கிறாள்.

மூன்றாவது. முழங்காலுக்குக் கீழே துணியால் ஒற்றுகிறாள். ஈரம் இருந்தால் மத்தியானத்துக்குள் கொப்புளம் வந்துவிடும். பிறகு சாக்ஸைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுகிறாள். காலையில் ஒன்று போதும். சாயங்காலத்துக்குள் சதை சுருங்கி, மாட்டிய கால் லொடலொடவென்று ஆடும். அப்போது அதன்மேல் இன்னொன்று போட வேண்டும்.

ஒரு கை உயர்ந்தது.

பவானி மாரப்பன். தையல்காரர். எல்லா இதழின் எல்லாக் கட்டமும் அவருக்கு மனப்பாடம். எழிலியின் சட்டையில் ஒரு பொத்தான் குறைந்தாலும் ஆசிரியருக்குக் கார்டு போட்டுவிடுவார். தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

“ஏனுங்க, மூணாங்கட்டத்துல சாக்ஸே இல்லீங்களே. வெறுங்கால்ல அப்படியே மாட்டறாப்பலதானுங்க வரைஞ்சிருக்குது.”

அவள் பக்கத்தைப் பார்த்தாள்.

இல்லைதான்.

இத்தனை நாளும் அவளேதான் மனதுக்குள் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டமே அவளைப் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராக அவள் புடவையின் கரையைப் பார்த்தார்கள்.

துரைக்கண்ணு அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் குரல் அதற்குள் இளகிவிட்டது.

“உக்காருங்க அம்மிணி. எங்களுக்குத் தெரியாதுங்க.”

இந்தக் குரலுக்குப் பயந்துதான் பதினோரு ஆண்டு மூட்டுவலி.

அவளுக்கு முகம் சுட்டது. போகட்டும், தெரிந்தது தெரிந்ததுதான். அவள் உட்காரவில்லை. நான்காவது வரிசைக்குப் போய், அங்கே நின்றிருந்த கடிதத்தை வாங்கினாள். பேனாவையும் வாங்கினாள். கால் முளைக்க வேண்டும் என்ற வரியைக் குறுக்கே அடித்தாள். காகிதம் லேசாகக் கிழிந்தது.

யாரும் தடுக்கவில்லை. தடுக்காததும் பரிதாபத்தால்தான் என்று அவளுக்குத் தெரியும். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“மாரப்பண்ணன் சொல்றது சரிதானுங்க” என்றாள். “வரைஞ்சவருக்குத் தெரியல. சாக்ஸ் இல்லாம மாட்டினா கதவு வரைக்கும்கூட நடக்க முடியாது.”

அடித்த வரிக்கு மேலே எழுதினாள். மூன்றாம் கட்டம் தவறு. எழிலிக்குச் சாக்ஸ் வரையவும்.

கடிதத்தை மாரப்பனிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நிதானமாகப் படித்தார். நாற்காலியை அவர் கவனிக்கவில்லை. புடவைக் கரையையும் பார்க்கவில்லை.

“காலையில ஒண்ணு, சாயங்காலம் ரெண்டுன்னு வெவரமா எழுதுங்க” என்றார். “இல்லாட்டி அடுத்த புஸ்தகத்துலயும் தப்பா வரைஞ்சு வெச்சிருவாங்க.”