ஏழாவது பாட்டு

"இன்னிக்கு அந்த ஆளை ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்" என்று கார் கதவை அறைந்து சாத்தினாள் கெரின்.

அந்த ஆள் லாம்ப்ரோஸ். கேம் பாய் என்கிற பழைய கையடக்க விளையாட்டுக் கருவிகளைப் பிரித்து, திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து, பக்கவாட்டில் ஸ்பீக்கர் ஒயருக்கு ஓட்டை போட்டு, அதிலேயே பாட்டு அமைக்கிறவர்களுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறவன். ஃபுட்ஸ்கிரே பகுதியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்தான் அவன் பட்டறை.

மூன்று வாரம் முன்பு அவனிடம் ஒரு கேம் கேசட்டைக் கொடுத்திருந்தாள். அவள் தம்பி பிரெண்டனுடையது. அதைச் செருகினால் விளையாட்டு வராது, பிரெண்டன் போட்ட ஒன்பது பாட்டு வரும். பிரெண்டன் போன ஆகஸ்டில் இறந்துபோனான். முப்பத்துநாலு வயது. எதையும் நகல் எடுத்து வைக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

கேசட்டுக்குள் இருக்கிற பட்டன் பேட்டரி பழசாகிவிட்டது, புதுசு போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"பத்து நிமிஷ வேலைன்னு உங்க ஆளுங்களே சொல்றாங்க" என்று கொடுக்கும்போதே சொன்னாள். "உனக்குச் சிரமம் வேணாம்னு பழசை நானே நெம்பி எடுத்துட்டேன். இதோ, கவர்ல தனியா இருக்கு. உள்ளேயே இருந்தா கசிஞ்சு கெடுத்துடுமில்ல, டார்ச்சுல ஆகற மாதிரி."

லாம்ப்ரோஸ் கவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எப்ப எடுத்தீங்க?"

"நேத்து. ஏன்?"

"ஒண்ணுமில்ல. வெச்சுட்டுப் போங்க. கொஞ்ச நாளாகும்."

அதோடு சரி. போன் எடுக்கவில்லை. மெசேஜ் போட்டால் 'வேலை நடக்குது' என்று இரண்டே வார்த்தை.

ஞாயிறு மதியம் பிரன்ஸ்விக் பப்பில் பிரெண்டனின் கூட்டாளிகள் கூடுகிறார்கள். அவன் கேசட்டிலிருந்தே ஒன்பது பாட்டையும் ஓடவிடுவதாக ஏற்பாடு. இன்றைக்கு வெள்ளி.

ஷெட்டை நெருங்கியவள் நின்றாள். உள்ளே பிரெண்டனின் பாட்டு. நாலு சுரம் ஓடியது, நின்றது. மறுபடி அதே நாலு சுரம். மறுபடியும் அதே.

திருடுகிறான் என்றே பட்டது அவளுக்கு.

தட்டாமல் கதவைத் திறந்தாள். லாம்ப்ரோஸ் சட்டென்று லேப்டாப்பை மூடினான். கண் சிவந்து, பத்து நாள் தாடியோடு இருந்தான்.

"செத்தவன் பாட்டைக் காப்பியடிக்கறியா? உன் பேர்ல போட்டுக்கலாம்னா?"

"அதில்ல, கெரின்..."

"அப்ப எதுக்கு லேப்டாப்பை மூடினே?"

லாம்ப்ரோஸ் மூடிய லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"கேசட்டைக் குடு."

"ஞாயித்துக்கிழமை காலைல குடுத்துடறேன். எட்டு முடிஞ்சுது, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்..."

"என்ன எட்டு?"

"டெஸ்டிங்" என்றான், தரையைப் பார்த்தபடி.

"அன்னிக்கு மட்டும் கேசட் வரலேன்னா, எல்லார் முன்னாடியும் உன்னைத் திருடன்னு சொல்வேன்."

"சொல்லுங்க. ஆனா ஞாயிறு வரைக்கும் விடுங்க."

பிடுங்கிக்கொண்டு போகவும் அவளுக்குப் பயம். பாதி வேலையில் ஏதாவது ஆகிவிட்டால்?

ஞாயிறு பன்னிரண்டரைக்கு லாம்ப்ரோஸ் வந்து கேசட்டை நீட்டினான். கெரின் நன்றிகூடச் சொல்லவில்லை. அதற்குள் நாலு பேர் காதில் விஷயத்தைப் போட்டும் இருந்தாள். பப்பில் ஒருவரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை.

மேடையில் கெரினே கேசட்டை கேம் பாயில் செருகி, பட்டனை அழுத்தினாள். முதல் பாட்டு வந்தது. இரண்டாவது, மூன்றாவது... எல்லாம் இருந்தன. அழுகையும் வந்தது.

ஆறாவது முடிந்தபோது மேடையோரம் யாரோ ஒரு பெண் கேட்பது காதில் விழுந்தது.

"கேசட்டுக்குள்ள பேட்டரி எதுக்கு?"

"பாட்டு உள்ளே தங்கறதே அதாலதான். நகல் எடுக்காம கழட்டினா அந்த நிமிஷமே எல்லாம் அழிஞ்சுடும்" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"திருப்பிப் போட்டா?"

"வெறும் கேசட்தான் மிச்சம்."

கெரின் திரும்பி கேம் பாயைப் பார்த்தாள். நானே நெம்பி எடுத்தேனே. அப்படியானால் இப்போது ஓடுவது என்ன?

ஏழாவது பாட்டு தொடங்கியது. நடுவில் சட்டென்று சத்தம் நின்றது. இரண்டு தாள நேரம் ஒன்றுமில்லை. பிறகு விட்ட இடத்தைத் தாண்டி ஓடியது. கூட்டம் கைதட்டியது. கெரின் பதறிக் குனிந்து பார்த்தாள். ஒயர் சரியாகத்தான் செருகியிருந்தது.

போன வருஷம் ஜூனில், இதே பப்பில், பிரெண்டன் இதே பாட்டை ஓடவிட்டபோது, சிப்ஸ் தட்டோடு வந்த கெரினின் கால் ஒயரில் தடுக்கிவிட்டது. இரண்டு தாளத்துக்குச் சத்தம் அறுந்தது. பிரெண்டன் போட்ட பாட்டில் அந்த இடைவெளியே கிடையாது. அன்றைக்கு பப்பில் பதிவு செய்து வைத்ததில் மட்டும்தான் அது இருக்கும். லாம்ப்ரோஸ் அன்று ஊரிலேயே இல்லை, அவள் கால் தடுக்கியது அவனுக்குத் தெரியாது.

பழைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு சுரமாக, மூன்று வாரம் உட்கார்ந்து போட்டிருக்கிறான். அழித்தது யார் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

எல்லாம் முடிந்து மூலையில் தனியாக ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான் லாம்ப்ரோஸ். கெரின் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இவனைப் பத்தி நான் சொன்னதெல்லாம் தப்பு" என்றாள், அந்த நாலு பேருக்கும் கேட்கும்படி.

அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதோ என்று பயந்த மாதிரி லாம்ப்ரோஸ் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்:

"அந்த ஏழாவதுல ரெண்டு தாளம் நிக்குதே, அந்த மாதிரி பிரெண்டனுக்குத்தான் தோணும், இல்ல?"

"ஆமா" என்றாள் கெரின். "அவனுக்குத்தான் தோணும்."