ஐம்பத்தேழு சிவப்புப் புள்ளிகள்

"நானூறு தாண்டிடுச்சு சார்!"

ஆபீஸே கத்தியது. உதயகுமார் நாற்காலியை எப்போதோ பின்னால் தள்ளிவிட்டு நின்றுகொண்டிருந்தான். திரையில் ஒவ்வொரு புள்ளியாகப் பச்சைக்கு மாறிக்கொண்டே வந்தது. ஒரு புள்ளி என்றால் காஞ்சிபுரத்தில் அவர்கள் நெட் கனெக்ஷன் கொடுத்த ஒரு வீட்டின் வைஃபை பெட்டி.

மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். எல்லாவற்றிலும் பூட்லோடரை மாற்ற வேண்டும். கரண்ட் வந்ததும் பெட்டிக்குள் முதலில் கண் விழிக்கிற சின்ன புரோகிராம் அது. அது எழுந்துதான் மற்றதையெல்லாம் எழுப்பும். பழையதில் ஓட்டை இருக்கிறது, திருடர்கள் அது வழியாக உள்ளே புகுந்துவிடலாம் என்று போன வாரம்தான் தெரிந்தது. ஆனால் மாற்றும்போது கொஞ்சம் பிசகினாலும் பெட்டி அப்புறம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

எல்லாரும் தயங்கினார்கள். உதயகுமார்தான், "வீடு வீடா போக வேணாம் சார். இங்கேருந்தே ஒரே காலையில முடிச்சுக் காட்டுறேன்" என்று முதலாளி லோகேஸ்வரனிடம் சொல்லியிருந்தான்.

அவரே இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஐந்நூறு!"

"தாமல் ஏரியா முடிஞ்சுது!"

"பிள்ளையார்பாளையமும் ஓவர் சார்! ஐந்நூத்தி ஐம்பத்தஞ்சு!"

"ஒண்ணாவது செத்துதாப்பா?" என்றார் லோகேஸ்வரன்.

"ஒண்ணுகூட இல்ல சார்!" உதயகுமாரும் கத்தினான். "பாக்கி திருப்பருத்திக்குன்றம் மட்டும்தான்." பட்டனைத் தட்டினான்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. திரிஷா. கம்பம் ஏறி வயர் இழுக்கிற பெண். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆகிறது. அன்று அவளுக்கு டியூட்டி திருப்பருத்திக்குன்றத்தில். கட் செய்தான். மறுபடி அடித்தது. மறுபடி கட். மூன்றாவது தடவை போனைக் கவிழ்த்தே வைத்துவிட்டான்.

"நேரம் காலம் தெரியாம இவ வேற!"

சட்டென்று திரையின் ஒரு மூலை முழுக்கச் சிவந்தது. ஐம்பத்தேழு புள்ளிகள். திருப்பருத்திக்குன்றம் மொத்தமும் காலி.

ஆபீஸில் கத்தல் அப்படியே நின்றது.

உதயகுமார் போனை எடுத்து திரிஷாவைக் கூப்பிட்டான்.

"அங்க என்ன பண்ணி வெச்ச?"

"மெயின் கேபிளைக் கழட்டிட்டேன் சார். ஏன்னா, நீங்க..."

"இரு! பெரிய சார் இங்கதான் நிக்கிறாரு. ஸ்பீக்கர்ல போடுறேன். எல்லாரும் கேக்கட்டும். இப்ப சொல்லு!"



"தெரியாம கழட்டிட்டேன் சார்."

"தெரியாமலா? கம்பம் ஏறத் தெரிஞ்சா மட்டும் போதுமா? மூளைன்னு ஒண்ணு வேணாமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லோகேஸ்வரன் குனிந்து போனுக்குள் கத்தினார்.

"இன்னொரு தடவை இப்படி நடந்துதுன்னா வேலைக்கே வர வேணாம்! புரியுதா?"

"சரிங்க சார்."

போனை வைத்ததும் அவர் உதயகுமாரின் தோளைத் தட்டினார். "அவ பண்ணதுக்கு நீ என்னப்பா செய்வ? ஐந்நூத்தி ஐம்பத்தஞ்சு பெட்டி, ஒண்ணுகூட சாகலை! அடுத்த மாசத்துலேருந்து வாலாஜாபாத்தையும் நீயே பாத்துக்கோ."

ஆபீஸ் மறுபடி கத்தியது. ஸ்வீட் வந்தது. உதயகுமார் தரையிலேயே இல்லை.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, ஹெல்மெட்டும் கையுமாக திரிஷா வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"என்ன, ஸாரி சொல்ல வந்தியா?"

பையிலிருந்து இரண்டு வைஃபை பெட்டிகளை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அடியில லேபிளைப் பாருங்க சார். மாடல் நம்பருக்குக் கடைசியில என்ன எழுத்து?"

"பி."

"உங்க லிஸ்ட்ல?"

உதயகுமார் லிஸ்ட்டைத் திறந்தான். ஏ. ஐம்பத்தேழுக்கும் ஏ. பத்து நாள் முன்னால் அவனே டைப் அடித்தது. ஏ புதுசு, பி பழசு. பழசுக்குப் புதுசின் பூட்லோடர் ஆகவே ஆகாது.

பாதி தின்ற ஸ்வீட்டை மேஜைமேல் வைத்தான்.

"நான் நின்னுக்கினு இருந்த வீட்டுலதான் சார் முதல்ல ஒண்ணு செத்துது. அப்புறம் பக்கத்து வீட்டுல. மூணு தடவை அடிச்சேன், நீங்க எடுக்கலை. அதான் கம்பத்துல ஏறி கேபிளைக் கழட்டிட்டேன். மீதி அம்பத்தஞ்சுக்கும் நீங்க அனுப்பின ஃபைல் போய்ச் சேரலை, நல்லாத்தான் இருக்குது. இந்த ரெண்டு வீட்டுக்கும் வேற பெட்டி மாட்டிட்டேன். நீங்க ஃபைலை நிறுத்திட்டுச் சொல்லுங்க, போய் கேபிளைச் சொருகிடுறேன்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா! எதுக்கு அத்தனை பேர் முன்னாடி திட்டு வாங்கிக்கினு இருந்த?"

"சொல்லத்தான் சார் வாயைத் தொறந்தேன்" என்றாள் திரிஷா. "அதுக்குள்ள நீங்க ஸ்பீக்கர்ல போட்டுட்டீங்களே."