சுற்றிப் போன குழாய்

"வெல்டரே, இது குழாயா, குடலா?"

காருக்கு அடியில் எட்டிப் பார்த்த சர்வேயர் கத்தியே விட்டார்.

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும், சட்டைப் பையில் அளவு நாடா இல்லாமல் வாசலைத் தாண்டாதவர் அவர். கார் நாற்பத்திரண்டு வருடப் பழசு. இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் நாலு குழாய்களைப் புதிதாகச் செய்து பொருத்தத்தான் பட்டறையில் விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். மூன்று மணி நேர ஓட்டம். பக்கத்து சீட்டில் மனைவி.

"வரைஞ்சே கொடுத்தேனே! நேரா இறங்கி, சீட்டுக்குக் கீழ ஒட்டினாப்ல போகணும்னு. நீங்க ஊரைச் சுத்திக் கொண்டு போயிருக்கீங்க."

"கொஞ்சம் தள்ளிப் போனா நல்லதுன்னு பட்டுது சார்."

"யாருக்கு நல்லது?"

வெல்டர், ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சர்வேயரின் மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாலும் ஒரே நீளம் இருந்தாத்தான் இன்ஜின் சீரா மூச்சு விடும். இத்தனை வளைவு வெச்சா நீளம் எப்படி ஒத்துவரும்?"

"நூல் தர்றேன். நீங்களே பாருங்க சார்."

சர்வேயர் விடுவாரா? மண்டியிட்டு, குழாயோடு குழாயாக நூலை ஒட்டி அளந்தார். எண்பத்தொரு சென்டிமீட்டர். அடுத்ததும் எண்பத்தொன்று. மூன்றாவதும் அப்படியே. நாலாவதை மட்டும் இரண்டு முறை அளந்தார். அதுவும் இம்மி பிசகவில்லை.

"ஏங்க, போற வழியில ஒரு செருப்பு வாங்கிக்கலாமா?" என்றாள் மனைவி. "இதுல அடியில பள்ளம் விழுந்துடுச்சு."

"வாங்கி நாலு மாசம்தான் ஆச்சு. தேதி சொல்லட்டுமா? எப்படி விழுந்துச்சு பள்ளம்?"

"தெரியலைங்க."

"நல்லா இருக்கு! உன் கால், உன் செருப்பு. உனக்கே தெரியலையா?"

வெல்டர் குறுக்கே வந்தார். "ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்."

சர்வேயர் சாவியைத் திருப்பினார்.

போன மாதம் வரை நாலு பேர் சண்டை போடுகிற மாதிரி இரைந்த இன்ஜின், இப்போது ஒரே குரலில், அடிவயிற்றிலிருந்து பேசியது. சர்வேயரின் கை மயிர் சிலிர்த்தது. இன்ஜின் மூடியின் மேல் வைத்திருந்த நூல்கண்டு உருளவில்லை. அசையக்கூட இல்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்ஜினை அணைத்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்ல. ஆனா ஒண்ணு சொல்லுங்க. நேரா விட்டிருந்தா ரெண்டு நாள் வேலை. எதுக்கு ஒன்பது நாள் மெனக்கெட்டீங்க?"

வெல்டர் அவரைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார்.

"தப்பா நினைக்காதீங்க சார். வண்டி விட வந்த அன்னிக்கு, நீங்க அடியில படுத்து அளந்துட்டிருந்தீங்க. அப்பத்தான் பத்த வெச்ச, சூடு ஆறாத துண்டுக் குழாய் ஒண்ணு தரையில கிடந்துச்சு. உங்க வீட்டம்மா அது மேல காலை வெச்சுக்கிட்டு எங்கிட்ட பேசிட்டிருந்தாங்க. செருப்பு உருகி வாடை அடிச்சப்புறம்தான் நானே பார்த்து உருவினேன். இடைஞ்சலா கிடக்குதுன்னு எடுக்கறேன்னு நினைச்சுக்கிட்டாங்க. சூடு தெரியவே இல்ல சார் அவங்களுக்கு."

சர்வேயர் திரும்பி மனைவியின் செருப்பைப் பார்த்தார்.

"நேரா விட்டா குழாய் அவங்க உட்காருற இடத்துக்கு அடியிலதான் போகும். மூணு மணி நேரத்துல கால் வைக்கிற கீழ்த் தகடு கொதிக்கும். அதான் சுத்திவிட்டேன். அவங்க எதிர்ல சொல்ல மனசு வரல."

சர்வேயர் ஸ்டூலருகே போனார். குழாய்களுக்கு மண்டியிட்ட மாதிரியே மண்டியிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"இப்பத் தெரியுதா?"

"என்னது தெரியுதா?" மனைவி கூச்சத்தோடு சிரித்தாள். "நீங்க இன்னும் தொடவே இல்லையே!"